நீக்கிலாஸ் நடந்து கடந்த ஆறு

பாரிசில், ரூ காய் என்ற தெருவில், தவரத்தினத்தின் மளிகைக் கடைக்குள் போனால், கறிவேப்பிலைக் கட்டுகளையும் மரவள்ளிக்கிழங்குப் பெட்டிகளையும் தாண்டி ஆகக் கடைசியில் மீன் வெட்டும் மேசை இருக்கும். அங்கே வெள்ளை ஏப்ரனும் ரப்பர் சப்பாத்துமாக நிற்பவர் நீக்கிலாஸ். மன்னார்ப் பக்கத்து ஆள். ஐம்பத்து நான்கு வயது. பேசிக்கொண்டிருக்கும்போதே கத்தி அந்தரத்தில் நின்றுவிடும். கண் எங்கேயோ போய்விடும். தெரிந்தவர்கள் அவசரப்படுத்துவதில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து வெட்டுவார். துண்டுகள் அளந்து வெட்டியது போல ஒரே அளவில் இருக்கும். அதனால் தவரத்தினமும் ஒன்றும் சொல்வதில்லை.

எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த இந்த லா ஷப்பல் பகுதியில் அவருக்கு ‘றைன் நீக்கிலாஸ்’ என்று பெயர். இங்கே இருக்கிற எங்களில் பலர் லொறிக்குள் வந்தவர்கள், ரயிலில் வந்தவர்கள், போலிக் கடவுச்சீட்டோடு விமானத்தில் வந்தவர்கள். ஜெர்மன் எல்லையில் ஓடும் றைன் ஆற்றை நடந்து கடந்து பிரான்சுக்கு வந்தவர் நீக்கிலாஸ் ஒருவர்தான். அப்படித்தான் அவர் சொல்லுவார்.

“அண்ணை, றைனிலை கப்பல் ஓடுது. அதை எப்பிடி நடந்து கடந்தனீங்கள்?” என்று யாராவது கேட்பார்கள்.

“நான் கடந்த இடத்திலை தொடை மட்டும்தான் தண்ணி” என்பார் அவர், கோபப்படாமல். “கரையிலை ஒரு வீடு இருந்தது. ஆத்துப் பக்கமாச் சாஞ்சு நிண்டது. அதின்ரை சுவரிலை, தண்ணிக்கு மேலாலை, ஆளளவு இரும்பு மீன் ஒண்டு தொங்கினது. நான் கண்ணாலை கண்டது.”

நானும் விளைமீன் வாங்கப் போன ஒருநாள் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவன்தான். அந்தக் கதையில் அவர் சொல்லாமல் விட்ட ஒரு பெண் இருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அது 1991ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம். நீக்கிலாசுக்கு இருபத்திரண்டு வயது. மொஸ்கோவில் ஒரு தொடர்மாடியின் ஏழாவது மாடியில், பயண முகவர் அடைத்து வைத்த ஒரே அறையில், ஐந்து பேர் பதினேழு நாட்கள் இருந்தார்கள். மூன்று பேர் நடுத்தர வயது ஆண்கள். நான்காவது நீக்கிலாஸ். ஐந்தாவது அருள்மலர். யாழ்ப்பாணத்துப் பெண், இருபத்தொரு வயது. அவளும் நீக்கிலாசும் பெரும்பாலான நேரம் ஜன்னலடியில் நின்று கீழே போகிற டிராம் வண்டிகளைப் பார்த்தார்கள். அந்த ஜன்னலில் நின்றால் முழு நகரமும் பாலுக்குள் போட்டது போல வெளிறித் தெரியும். மற்ற மூவருக்கும் சரியான குளிர் உடுப்பு இருந்தது. இவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு தடித்த ஜாக்கெட்தான் கிடைத்தது. ஒருநாள் அவர் போடுவார், மறுநாள் அவள் போடுவாள்.

“நீர் எங்கை போறதெண்டு வெளிக்கிட்டனீர்?” என்று ஒருநாள் அவர் கேட்டார்.

“ஓரிடத்துக்கெண்டு நான் வெளிக்கிடேல்லை” என்றாள் அவள். “இருக்க விட்டால் எந்த இடமும் சரி. நீங்கள்?”

“பாரிஸ். அங்கை என்ரை கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான்.”

“அப்ப நானும் பாரிசெண்டே சொல்லுறன்” என்று சிரித்தாள்.

அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. ஆனால் நீக்கிலாசின் மனதுக்குள் அந்தச் சிரிப்பு ஒரு முடிவாகவே இருந்தது. பாரிசில் போய் இறங்கியதும் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு லொறி, காடு, இன்னொரு லொறி. எத்தனை நாட்கள் என்று அவருக்கே கணக்கில்லை. கடைசியில் ஜெர்மனிக்குள் ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள். ஒரு விடியற்காலை வான் நின்றது. இறங்கியபோது எங்கும் பனிமூட்டம். கை நீட்டினால் விரல் தெரியவில்லை. காலடியில் கருங்கல் படிகள், படிகளுக்குக் கீழே ஓடுகிற தண்ணீரின் சத்தம். எங்கிருந்தோ மணி ஏழு முறை அடித்தது. சாரதிக்கு அவர்களுடைய மொழி தெரியாது. கையைக் காட்டி, “தண்ணி... அந்தப் பக்கம்... பினிஷ்” என்ற கருத்தில் நான்கு சொல் சொன்னான். பினிஷ் என்றால் முடிந்தது. என்ன முடிந்தது? ஜெர்மனி முடிந்தது, அந்தப் பக்கம் பிரான்ஸ் என்று ஐந்து பேரும் விளங்கிக்கொண்டார்கள். மூவரில் ஒருவர் பூகோளம் படித்தவர். “றைன்” என்று மெதுவாகச் சொன்னார். அந்தச் சொல் நீக்கிலாசின் தலைக்குள் அப்படியே இறங்கிவிட்டது.

ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். தண்ணீர் எலும்பைப் பிடித்து இழுக்கிற குளிர். நீக்கிலாஸ் நான்காவது. நடு ஆற்றில் நின்றபோது பனி ஒரு பக்கம் கொஞ்சம் கிழிந்தது. அப்போதுதான் சாய்ந்து நின்ற அந்த வீட்டையும் இரும்பு மீனையும் கண்டார். அக்கரைப் படியில் ஏறித் திரும்பிப் பார்த்தால், அருள்மலர் இன்னும் அந்தப் பக்கத்துப் படியில் நிற்கிறாள். அன்றைக்கு ஜாக்கெட் போடுகிற முறை அவளுடையது.

“வாரும்!” என்று குரலை அடக்கிக் கூப்பிட்டார்.

அவள் வரவில்லை. கையை உயர்த்தி, விரல்களை மேலும் கீழுமாக அசைத்தாள். போங்கோ, போங்கோ என்று சொல்வது போல. அதற்குள் அக்கரையில் காத்திருந்த இன்னொரு வான்காரன் அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்து உள்ளே தள்ளினான். கதவு சாத்தப்பட்டது. போர்வைகளுக்கு அடியில், ஈரக் காற்சட்டையோடு, அவர் அழுதுகொண்டே நித்திரையாகிவிட்டார். கண் விழித்தபோது பாரிசின் வாசல், போர்த் து லா ஷப்பல். நெரிசலில் கார்கள் கத்திக்கொண்டிருந்தன.

அந்தப் பிள்ளையை எல்லையில் பிடித்திருப்பார்கள், திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று அவர் நம்பினார். ஊரில் அந்த வருடங்கள் எப்படிப் போயின என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அவளுடைய முழு முகவரியும் தெரியாது. யாரிடம் விசாரிப்பது?

ஏழு வருடம் கழித்து மரியகொறற்றியைக் கலியாணம் செய்தபோது, நிச்சயம் பண்ணிய அன்றே இதைச் சொல்லிவிட்டார். மரியகொறற்றியும் மன்னார்தான். பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்பவர். சுற்றிவளைக்காமல் கதைப்பார்.

“நீங்கள் அவவை விட்டிட்டு வந்தனீங்களோ, அவ நிண்டவவோ?” என்று கேட்டார்.

“தெரியாது” என்றார் நீக்கிலாஸ்.

“சரி. அந்தப் பிள்ளைக்காக நான் செபிக்கிறன். நீங்கள் உதையே நினைச்சுக்கொண்டிருக்கிறதை விடுங்கோ.”

சொன்னபடி செய்தார். பாரிசுக்கு வெளியே சார்செலில் அவர்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் செபமாலை முடிந்ததும் அருள்மலருக்காக ஒரு மன்றாட்டு உண்டு. மகள் தர்மிளா ஏழு வயது வரைக்கும் அருள்மலர் என்பது ஒரு புனிதையின் பெயர் என்றே நினைத்திருந்தாள். பள்ளியில் உனக்குப் பிடித்த புனிதர் யார் என்று கேட்டபோது அந்தப் பெயரை எழுதிவிட்டு வந்தாள்.

இனி 2023ஆம் ஆண்டு ஜூலை. கோடை விடுமுறைக்கு ஜெர்மனியிலிருந்தும் சுவிசிலிருந்தும் எங்கள் ஆட்கள் லா ஷப்பலுக்கு வந்து கூறைச் சேலையும் நகையும் வாங்கிக்கொண்டு போகிற காலம். கடைக்கு றஜனி என்று ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். பெரியபிள்ளையான மகளின் சாமத்தியவீட்டுக்குச் சாமான் வாங்க ஜெர்மனியிலிருந்து வந்தவர். திருக்கை மீன் கேட்டுவிட்டு, கையிலிருந்த துணிப்பையை மேசை விளிம்பில் வைத்தார்.

பையில் ஒரு படம் அச்சடித்திருந்தது. மரச்சட்டம் போட்ட பழைய வீடு ஒன்று ஓர் ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அதன் சுவரிலிருந்து தண்ணீருக்கு மேலே ஒரு பெரிய மீன் தொங்குகிறது.

நீக்கிலாசின் கத்தி நின்றுவிட்டது. இந்த முறை அவர் எங்கேயும் போகவில்லை. அந்தப் படத்துக்குள்ளேதான் நின்றார்.

“தங்கச்சி, இது எந்த இடம்?”

“இதோ? இது எங்கடை ஊர் அண்ணை. மூலன்ஸ்டாட் எண்டு. பழைய ஊர். பேக்கரியிலை பாண் வாங்கினால் இந்தப் பையிலைதான் தருவாங்கள்.”

“அப்ப நீங்கள் எல்லையிலேயோ இருக்கிறியள்?”

“என்ன எல்லை?”

“பிரான்ஸ் எல்லை. உது றைன் ஆறுதானே?”

றஜனி சிரித்துவிட்டார். “ஐயோ அண்ணை, இது ஓரா எண்டொரு சின்ன ஆறு. ஊருக்கு நடுவாலை ஓடுது. கோடையிலை பிள்ளையள் செருப்போடை இறங்கி விளையாடுங்கள். பிரான்ஸ் எல்லைக்கு அங்கையிருந்து காரிலை நாலு மணித்தியாலம் வேணும்.”

நீக்கிலாஸ் கத்தியை மெதுவாக மேசையில் வைத்தார். கையைக் கழுவினார். துடைத்தார். பிறகு கேட்டார்.

“அந்த ஊரிலை... எங்கடை ஆக்கள் கனபேரோ?”

“மூண்டு குடும்பம்தான். முதல் முதல் வந்தவ மலர் அக்கா. தொண்ணூற்றொண்டிலேயே வந்தவவாம். அவதான் எங்களுக்கும் வீடு பாத்துத் தந்தவ.”

“மலரோ? அருள்மலரோ?”

“ஓம். உங்களுக்கு அவவைத் தெரியுமோ? பொறுங்கோ, இப்பவே எடுத்துத் தாறன்” என்று றஜனி கைத்தொலைபேசியை எடுத்தார்.

“வேண்டாம் தங்கச்சி. இப்ப வேண்டாம்” என்று நீக்கிலாஸ் இரண்டு கையையும் உயர்த்தினார். ஆனாலும் இலக்கத்தை மீன் சுற்றுகிற தாளின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை கார் து நோர் ரயில் நிலையத்தில் தன்னுடைய ரயிலை விட்டார். அடுத்ததையும் விட்டார். வீட்டுக்குப் போனதும் தாளை மனைவியின் முன்னால் வைத்தார். மரியகொறற்றி துருவித் துருவிக் கேட்டு முழுவதையும் அறிந்துகொண்டார். தர்மிளா தன் தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள்.

“பப்பா, அது ஜெர்மனிக்கு நடுவில் இருக்கிறது” என்று பிரெஞ்சில் சொன்னாள். “நீங்கள் ஒரு நாட்டையும் கடக்கவில்லை. ஒரு தெருவைக் கடந்த மாதிரித்தான்.”

“பிள்ளை, நீ சும்மா இரு” என்றார் மரியகொறற்றி.

நான்கு நாட்கள் போயின. நீக்கிலாஸ் தொலைபேசியைத் தொடவில்லை. கடையில் துண்டுகள் பெரிதும் சிறிதுமாக விழுந்தன. ஐந்தாம் நாள் மரியகொறற்றியே அந்த இலக்கத்தை அடித்தார்.

“வணக்கம். நான் பாரிசிலையிருந்து கதைக்கிறன். நீங்கள் என்னை அறியமாட்டியள். நான் நீக்கிலாசின்ரை மனிசி.”

அந்தப் பக்கத்தில் ஒரு குரல், அபூர்வமாகப் பேசுகிற தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டது.

“அவர் உயிரோடை இருக்கிறாரோ?”

“இருக்கிறார். எனக்கு முன்னாலை இருந்து கையைப் பிசையிறார்.”

“அப்ப கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றது குரல்.

தவரத்தினத்திடம் லீவு கேட்கப் போனபோது அவர் கலண்டரைப் பார்த்தார். “இஞ்சை மாணிக்கப்பிள்ளையார் தேருக்கு முன்னம் வந்திடவேணும். தேருக்கெண்டு கடை நிரம்பிப் போகும்” என்றார். அவ்வளவுதான். இருபது வருடத்தில் நீக்கிலாஸ் கேட்ட முதல் லீவு அது.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் இருவரும் கார் து லெஸ்ட் நிலையத்தில் ரயில் ஏறினார்கள். ஸ்த்ராஸ்பூர் தாண்டியதும் ரயில் ஒரு பாலத்தில் ஏறியது. கீழே அகன்று, பச்சையாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு உண்மையான றைன் போனது. கரி ஏற்றிய தட்டையான கப்பல் ஒன்று அதன் நடுவில் மெல்ல நகர்ந்தது. நீக்கிலாஸ் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார். மரியகொறற்றிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“தொடை மட்டும் தண்ணியோ?” என்றார்.

அவருக்கும் சிரிப்பு வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

பிராங்பேர்ட்டில் மாறி, இன்னொரு சின்ன ரயில் பிடித்து, மாலை நான்கு மணிபோல மூலன்ஸ்டாட்டில் இறங்கினார்கள். கூட்டிப்போக றஜனி வருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் நீக்கிலாஸ் காத்திருக்கவில்லை. தண்ணீரின் சத்தம் எந்தப் பக்கத்தில் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார். மனைவி பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்.

ஊர் முழுவதும் மதிய நித்திரையில் கிடந்தது போல இருந்தது. சாய்ந்த கூரைகள், ஜன்னல் தோறும் சிவப்புப் பூச்சட்டிகள், கல் பாவிய ஒழுங்கைகள். ஓரா ஆறு அந்த வீடுகளுக்கு நடுவில் தனக்கும் ஒரு வீடு இருக்கிற மாதிரி ஓடியது. சில இடத்தில் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு போனது. சில இடத்தில் ஒரு வீட்டுக்குக் கீழே நுழைந்து மறைந்து, அடுத்த வீட்டின் பின்வாசலால் வெளியே வந்தது. எட்டு மீட்டர் அகலம் இருக்கும். அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணலாம். நீண்ட பச்சைப் பாசி தலைமயிர் போல ஒரு பக்கமாக வாரப்பட்டுக் கிடந்தது. இரண்டு வாத்துகள் நீந்தாமல், நீரோட்டம் கொண்டுபோகிற பக்கம் போய்க்கொண்டிருந்தன.

படிகளைக் கண்டதும் நீக்கிலாஸ் நின்றார். அதே கருங்கல் படிகள். எதிரே சாய்ந்த வீடு. இரும்பு மீனுக்கு இப்போது கறுப்பு வர்ணம் பூசியிருந்தார்கள். அவர் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். ஐம்பது அடி தள்ளி ஒரு பாலம். கல்லால் கட்டிய, ஒரு வளைவுப் பாலம். ஒரு கிழவர் நாயோடு அதன் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

“கொறற்றி, இதிலை பாலம் இருந்திருக்கு” என்றார் நீக்கிலாஸ். “இருந்திருக்கு. பனியுக்கை எனக்குத் தெரியேல்லை.”

மனைவி அவருடைய முதுகில் கை வைத்தார். இருவரும் பாலத்துக்குப் போனார்கள். அக்கரைக்குப் போய், திரும்பி வந்தார்கள். மறுபடியும் போனார்கள். பாலம் மொத்தம் முப்பத்தெட்டு அடி நீளம் என்று மரியகொறற்றி எனக்குப் பிறகு சொன்னார்.

இரண்டாம் முறை திரும்பி வரும்போதுதான் கீழே ஆற்றுக்குள் ஒரு பெண் நிற்பதைக் கண்டார்கள். இடுப்பு வரைக்கும் உயர்ந்த ரப்பர் சப்பாத்து, நகரசபையின் செம்மஞ்சள் மேற்சட்டை, நரை கலந்த குட்டைத் தலைமயிர். கையில் நீளமான வாரி. பழைய மாவு ஆலைக்குத் தண்ணீர் போகிற வாயில் இரும்புக் கம்பி போட்டிருந்தது. அதில் வந்து சிக்கிய இலைகளையும் கிளைகளையும் வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தாள். மேலே பார்த்தாள். வாரி கையில் அப்படியே நின்றது.

“நீங்கள் ஆறு மணிக்குத்தான் வாறதெண்டு றஜனி சொன்னவள்” என்றாள். “நான் வேலை உடுப்போடை நிக்கிறன்.”

நீக்கிலாஸ் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருடமாக மனதில் தயாரித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

“உமக்குத் தண்ணியெண்டால் பயமெல்லோ?”

“ஆர் சொன்னது?”

“அண்டைக்கு நீர் இறங்கேல்லையே.”

அருள்மலர் வாரியைக் கரையில் சாய்த்துவிட்டு ஏறி வந்தாள். ரப்பர் சப்பாத்திலிருந்து தண்ணீர் வடிந்தது. முதலில் மரியகொறற்றியின் இரண்டு கையையும் பிடித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“பயத்திலை நிக்கேல்லை” என்றாள். “நீங்கள் நாலு பேரும் தண்ணியைப் பாத்துக்கொண்டு போனியள். நான் மேலை பாத்தனான். அந்த வீட்டிலை ஒரு பொம்பிளை ஜன்னலைத் திறந்து படுக்கைச் சீலையை உதறினா. எல்லையிலை ஆராவது படுக்கைச் சீலை உதறுவினமோ? கோயில் மணி அடிக்குது. பாண் சுடுற மணம் வருது. இது ஊர், ஆக்கள் இருக்கிற ஊர் எண்டு எனக்கு விளங்கிட்டுது. இனி நடக்கேலாது, இஞ்சை இருந்தால் என்ன எண்டு நினைச்சன். அதுதான் உங்களைக் கை காட்டிக் கூப்பிட்டனான்.”

“கூப்பிட்டனீரோ?”

“ஓம். இப்பிடி.” அருள்மலர் கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, விரல்களைத் தன் பக்கமாக மடக்கி மடக்கிக் காட்டினாள். எங்கள் ஊரில் ஒருவரை வா என்று கூப்பிடுகிற அதே அசைப்பு.

நீக்கிலாஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பனியுக்கை அது போங்கோ எண்டு காட்டினதெண்டெல்லோ நான் நினைச்சன்” என்றார் கடைசியில்.

“போங்கோ எண்டு ஏன் காட்டுறன்? ஆளும் தெரியாத ஊரிலை எனக்குத் தனிய நிக்க விருப்பமோ?”

கீழே ஆறு தன் பாட்டில் பேசிக்கொண்டு போனது. மரியகொறற்றிதான் கேட்டார்.

“அப்ப அந்தப் படுக்கைச் சீலைக்காரிதான் உங்களைக் காப்பாத்தினவவோ?”

“ஓம். இறங்கி வந்து, என்னைக் கையிலை பிடிச்சு, பாலத்தாலை கூட்டிக்கொண்டு போனவ. சுடச்சுடப் பால் தந்தவ. ஒன்பது மணிக்குப் பொலிஸ் வந்தது. அவையின்ரை கந்தோர் அப்ப இந்தப் பாலத்தடியிலைதான். அதுக்குப் பயந்துதான் வான்காரர் எங்களை ஆத்துக்காலை நடக்கவிட்டவங்கள். இப்ப அந்த இடத்திலை ஐஸ்கிறீம் கடை.”

அருள்மலரின் வீடு ஆற்றோரத்தில்தான். அவளுடைய கணவர் எரிக், ஜெர்மன்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், சாப்பாடு சமைத்துவிட்டுக் காத்திருந்தார். மிளகாய்த்தூள் போட்ட உருளைக்கிழங்கும் பொரித்த மீனும். நீக்கிலாசைக் கண்டதும் எழுந்து நின்று, ஏதோ சொன்னார். அருள்மலர் மொழிபெயர்த்தாள்.

“பனியுக்கை போன ஆள் நீங்கள்தானோ எண்டு கேக்கிறார். எங்கடை வீட்டிலை உங்களுக்கு அந்தப் பெயர்தான்.”

“என்னோடை கோபமோ?” என்று நீக்கிலாஸ் மெதுவாகக் கேட்டார்.

“ஒரு மூண்டு மாதம் கோபம் இருந்தது. கூப்பிடக் கூப்பிடப் போட்டாரே எண்டு. பிறகு அகதி முகாமிலை ஜெர்மன் படிக்க விட்டாங்கள். அந்த இலக்கணத்தோடை கோபப்பட நேரமில்லை.” மீன் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள். “பிறகு கவலைதான். எல்லையிலை ஒரு லொறிக்குள்ளை ஆக்கள் மூச்சு முட்டிச் செத்ததெண்டு பேப்பரிலை வந்தது. அதுக்குள்ளை நீங்களும் எண்டு நினைச்சன். நினைச்சு, நம்பியும் போனன்.”

மேசையில் ஒருவரும் சாப்பிடவில்லை. எரிக் எல்லோருடைய கிளாசிலும் தண்ணீர் ஊற்றினார்.

மரியகொறற்றிக்கு மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாது. நேரே கேட்டார். “ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. அண்டைக்கு இவர் திரும்பி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?”

நீக்கிலாஸ் தலையைக் குனிந்துகொண்டார். அருள்மலர் உண்மையாகவே யோசித்தாள். ஜன்னலால் ஆற்றைப் பார்த்து யோசித்தாள்.

“ஜாக்கெட் ஒண்டுதானே இருந்தது” என்றாள். “அது ஜெர்மன் குளிர். ஒரு கிழமையிலை அதுக்காகவே சண்டை பிடிச்சுப் பிரிஞ்சிருப்பம்.”

மரியகொறற்றி முதலில் சிரித்தார். பிறகு அருள்மலர். மொழி விளங்காத எரிக்கும் சேர்ந்து சிரித்தார். நீக்கிலாஸ் சிரித்தாரா அழுதாரா என்று மனைவிக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவர் நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் மீன் கேட்டு வாங்கினார். எரிக் மீனை வெட்டிய விதம் சரியில்லை என்று சொல்லி, மறுநாள் தானே வெட்டித் தருவதாகப் பொறுப்பெடுத்தார்.

ஐந்து நாட்கள் அங்கே நின்றார்கள். காலையில் அருள்மலர் வேலைக்கு இறங்கும்போது நீக்கிலாசும் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். இலை வாரினார். கிளை இழுத்தார். ஒருநாள் ஒரு பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்தை எடுத்துக் கரையில் காயவைத்தார். வேலை முடிந்த பிறகும் ஆற்றின் நடுவில் ஒரு கல்லில் குந்தியிருப்பார். தண்ணீர் இரண்டு காலையும் சுற்றிப் போகும். வெயில் இலைகளுக்கிடையால் விழுந்து, காசு காசாக மிதந்து, பாலத்துக்குக் கீழே போய் அணையும். பின்னேரம் வரைக்கும் அப்படியே இருந்துவிடுவார். மரியகொறற்றியும் அருள்மலரும் கரையில் பாயைப் போட்டுக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்பார்கள். என்ன கதைத்தார்கள் என்று இருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

தேருக்கு இரண்டு நாள் முன்னதாகத் திரும்பி வந்தார்கள். நீக்கிலாஸ் கடையில் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னார். அது றைன் இல்லை, ஓரா என்று ஒரு சின்ன ஆறு, பக்கத்தில் பாலமும் இருந்தது என்று. ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. “சும்மா இருங்கோ அண்ணை, பழைய கதைதான் நல்லது” என்றார்கள். பெயரும் மாறவில்லை.

அவர் கனவில் மிதப்பது குறைந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. இப்போதும் கத்தி அந்தரத்தில் நிற்கும். ஆனால் முன்பு திரும்பி வரும்போது முகம் வாடியிருக்கும். இப்போது குளித்துவிட்டு வந்தவரைப் போல இருக்கிறார். செபமாலையில் அருள்மலருக்கான மன்றாட்டை மரியகொறற்றி நிறுத்தவில்லை. “உயிரோடை இருக்கிறவைக்குத்தான் கூடத் தேவை” என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பெண்களும் ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் இருப்பார்கள். நீக்கிலாசுக்கு அதில் இடமில்லை. சில நேரம் வாசலில் நின்று, “நான் சுகம் கேட்டதெண்டு சொல்லும்” என்பார்.

அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு அருள்மலரும் எரிக்கும் பாரிசுக்கு வந்தார்கள். நான் அருள்மலரைக் கண்டது அப்போதுதான். ரூ காய் முனையில், ஒரு தோசைக் கடை வாசலில், நால்வரும் நின்றார்கள். சனிக்கிழமை மதியம். தெரு நிரம்பி வழிந்தது. கடைக்கடையாகப் பாட்டு, பிள்ளைகளை அதட்டுகிற தாய்மார், வடை கேட்கிறவர்கள், தொலைபேசியில் சண்டை பிடிக்கிறவர்கள். எல்லாம் தமிழில்.

“வாருங்கோ, உள்ளை போவம். சாப்பிட நேரமாச்சு” என்றார் மரியகொறற்றி.

அருள்மலர் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

“நீங்கள் போய் இடம் பிடியுங்கோ” என்றாள். “நான் கொஞ்சம் நிண்டு கேட்டுப்போட்டு வாறன்.”

எரிக் அவளுடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். நீக்கிலாசும் மனைவியும் உள்ளே போய் நான்கு பேருக்கு மேசை கேட்டார்கள். பரிமாறுகிறவர் நான்கு தோசை போடச் சொல்லிவிட்டு, மற்ற இருவரும் எங்கே என்று கேட்டார்.

“வருவினம்” என்றார் நீக்கிலாஸ். “அவசரமில்லை.”